பாறை ஏறப் போனால் 'உள்ளே வராதீர்கள்' பலகை... 6 மாதம் வல்லூறுக்கு வழிவிடும் அமெரிக்க ஊர்! காரணம் என்ன?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு ஊர். பெயரே போல்டர், அதாவது பாறாங்கல். ஊருக்கு மேற்கே மலை எழும்பி நிற்கிறது. கயிறு கட்டாமல், பெரிய பாறாங்கற்களில் கை, கால் பலத்தை மட்டும் நம்பி ஏறும் 'போல்டரிங்' விளையாட்டுக்குப் பெயர்போன இடம் இது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 1-ம் தேதி இந்த மலையின் சில பகுதிகளில் 'உள்ளே வராதீர்கள்' பலகை வைத்துவிடுவார்கள். ஜூலை 31 வரை அங்கே யாரும் போக முடியாது.

காரணம், அங்கே முட்டை இடப்போகும் பறவைகள்.

"நாலைந்து பறவைக்காக ஆறு மாசமா?" என்று கேட்கத் தோன்றும். விமான டிக்கெட் போட்டு, லீவு எடுத்து, முதுகில் மெத்தையைச் சுமந்துகொண்டு அங்கே போய் நிற்பவருக்கு இன்னும் கோபமே வரும். ஆனால் இந்த மூடலுக்குள் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது.

எந்த இடம் மூடப்படுகிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மலை முழுவதும் மூடப்படுவதில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே ஃபிளாக்ஸ்டாஃப் மலை இருக்கிறது. காரை நிறுத்தி இறங்கினால் சில நிமிட நடையில் பாறைகள். இங்கே சாலையோரப் பாறைகளுக்குப் பொதுவாகச் சிக்கல் இல்லை.

அதற்குத் தெற்கே இருப்பவைதான் ஃபிளாட்அயர்ன்ஸ். சாய்ந்து நிற்கும் பிரம்மாண்டமான மணற்கல் பலகைகள். பழைய கால இஸ்திரிப் பெட்டி மாதிரி தெரிவதால் இந்தப் பெயர். இவற்றின் அடிவாரக் காட்டில்தான் போல்டரிங் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. அதே பலகைகளின் உச்சியிலும் விளிம்பிலும்தான் பொரி வல்லூறு, புல்வெளி வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் பொன்னிறக் கழுகும் உண்டு. மூன்றாவது ஃபிளாட்அயர்ன் பாறை, மூடல் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர்.

போல்டரிங் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். "நான் 4 மீட்டர்தான் ஏறுறேன், மேலே இருக்கிற பறவைக்கு என்ன ஆகப்போகுது?" என்பது அவர்கள் வாதம். நகரத்தின் திறந்தவெளி மற்றும் மலைப்பூங்கா துறை, மூடலை ஒரு பாறைக்கு மட்டும் என்று போடுவதில்லை. வரைபடத்தில் ஒரு பரப்பாகக் கோடு போட்டுவிடுகிறது. அந்தக் கோட்டுக்குள் உங்கள் பாறை இருந்தால் 4 மீட்டரும் ஒன்றுதான், 300 மீட்டரும் ஒன்றுதான். பாறை வெளியே இருந்து, அதற்குப் போகும் குறுக்குவழி உள்ளே இருந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும்.

முட்டையே இல்லை, பிப்ரவரியில் எதற்கு?

நியாயமான கேள்விதான். பிப்ரவரியில் போல்டரில் பனி கொட்டும். முட்டை வர இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஆனால் ஜோடி சேர்ந்து, எந்த விளிம்பில் குடும்பம் நடத்தலாம் என்று பறவைகள் இடம் பார்ப்பது இந்தச் சமயத்தில்தான். பொரி வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. பாறை விளிம்பில் மண்ணைச் சுரண்டி ஒரு பள்ளம் செய்யும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் தினமும் மனித நடமாட்டம் இருந்தால், அது அந்த இடத்தையே விட்டுப் போய்விடலாம். பிறகு மூடல் போட்டு என்ன பயன்? வீடு பார்க்க வந்தவர் வாசலிலேயே திரும்பிப் போன கதைதான்.

மற்ற கணக்கும் இப்படித்தான் வருகிறது. பொதுவாக 3 அல்லது 4 முட்டைகள். அடைகாக்க ஒரு மாதத்துக்கு மேல். பொரித்த குஞ்சு பறக்க ஏறக்குறைய 40 நாள். பறந்த பிறகும் வேட்டையாடக் கற்றுக்கொள்ளும் வரை சில வாரங்கள் அப்பா, அம்மாதான் இரை தர வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஜூலை வந்துவிடும். இடையில் குஞ்சுகள் போனால், பெரும்பாலும் அந்த ஜோடிக்கு அந்த ஆண்டே போய்விட்டது என்று அர்த்தம்.

ஆபத்து எப்படி நடக்கிறது?

மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பாய்ந்து வேட்டையாடும் பறவை, மனிதனைப் பார்த்து என்ன பயப்படப் போகிறது என்று நினைக்கலாம். தன் உயிருக்கு அது பயப்படுவதில்லை. கூட்டை விட்டு எழுந்து வந்து உங்களைச் சுற்றிக் கத்தும். அந்த நேரம் முழுக்க முட்டை குளிரில் கிடக்கும், அல்லது இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வேகும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சு என்றால் பதறி, பறக்கத் தெரியாமலே விளிம்பிலிருந்து குதித்துவிடும்.

கீழே தூரத்தில் பாதையில் நடந்து போகிறவரை இந்தப் பறவைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கூட்டின் மட்டத்துக்கோ, அதற்கு மேலோ ஆள் தெரிந்தால்தான் கலவரம். சாய்வான பாறைகளைச் சுற்றிப் பின்பக்கமாக மேடேறிப் போகும் போல்டரிங்காரர், தனக்கே தெரியாமல் கூட்டுக்கு மேலே போய் நிற்க வாய்ப்பு அதிகம். டிரோன் பறக்கவிட்டு ரீல்ஸ் எடுப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூச்சிமருந்து விட்டுப்போன பாடம்

இவ்வளவு கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் டிடிடி பூச்சிமருந்து தாராளமாகத் தெளிக்கப்பட்டது. அது பூச்சி, சின்னப் பறவை வழியாக வல்லூறின் உடம்பில் சேர்ந்தது. விளைவு, முட்டை ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. 1960-களின் நடுவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பொரி வல்லூறு குஞ்சு பொரிப்பதே நின்றுபோனது. 1975-ல் கணக்கில் இருந்தவை 324 ஜோடிகள்தான்.

1972-ல் டிடிடி தடை செய்யப்பட்டது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டார்கள். 1999-ல்தான் இந்தப் பறவை அமெரிக்காவின் அழியும் நிலை உயிரினங்கள் பட்டியலில் இருந்து வெளியே வந்தது.

இந்த மீட்புக் கதையில் பாறை ஏறுபவர்கள் வில்லன் இல்லை. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் 1978-ல், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எல் கேப்டன் என்ற செங்குத்துப் பாறையில் ஒரு ஜோடி கண்டறியப்பட்டது. அங்கே கயிற்றில் இறங்கி, ஓடு மெலிந்த முட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுபோய் வைக்க உதவியவர்கள் அதே பாறை ஏறும் ஆட்கள்தான். அந்த மாதிரி செங்குத்தில் வேறு யார் போக முடியும்?

நம்ம பக்கம் எப்படி?

சீசன் மூடல் நமக்கும் புதிதில்லை. மூணாறு போகிறவர்களுக்குத் தெரியும், வரையாடு குட்டி போடும் சமயத்தில், பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில், இரவிகுளம் தேசியப் பூங்கா சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்படும்.

பாறை ஏற்றத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பெங்களூரு பக்கத்தில் உள்ள ராமநகரா. 'ஷோலே' படம் எடுத்த அதே ஊர். இங்குள்ள ராமதேவர பெட்டா 2012-ல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வல்லூறுக்கு டிடிடி என்றால், இங்கே பாறுக் கழுகுக்கு எமனாக வந்தது மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மருந்து. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-ல் தடை வந்தது. ஆனால் போல்டர் மாதிரி இத்தனை மாதம் மூடல், மீதி மாதம் திறப்பு என்ற ஏற்பாடு ராமதேவர பெட்டாவில் இல்லை. சரணாலயப் பாறைகளில் ஏறுவதற்கு ஆண்டு முழுக்க அனுமதி இல்லை. கழுகுகள் மிகக் குறைந்துபோன இடத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் திறக்கும் தேதி தெரிந்தால்தான் ஆட்கள் மூடும் தேதியையும் மதிப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

போல்டரில் அந்த நெகிழ்வு இருக்கிறது. தன்னார்வலர்கள் சீசன் முழுக்கத் தொலைநோக்கியோடு பாறைகளைக் கண்காணிக்கிறார்கள். ஒரு பகுதியில் பறவை வரவே இல்லை, அல்லது குஞ்சுகள் சீக்கிரம் பறந்துவிட்டன என்றால் ஜூலை 31-க்கு முன்பே திறந்துவிடுவதும் உண்டு.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு பக்கம் மூடினால் கூட்டம் மொத்தமும் திறந்திருக்கும் பாறைகளுக்குப் போகும். விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கீழே விரிக்கும் கிராஷ் பேட் மெத்தைகள் செடிகளை நசுக்கும். நடந்து நடந்து மண் அரிக்கும். வல்லூறுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை.

போகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும்?

கொலராடோவில் வேலை பார்ப்பவர்களோ, டென்வர் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களோ பிப்ரவரி முதல் ஜூலைக்குள் ஒரு நாள் பாறை ஏற நினைத்தால், கிளம்பும் அன்றைக்கே நகர நிர்வாகத்தின் இணையதளத்தில் மூடல் வரைபடத்தைப் பாருங்கள். பாறை ஏறுபவர்கள் பயன்படுத்தும் செயலிகளில் பாறையின் பெயர், வழி, படம் எல்லாம் இருக்கும். அது இன்று மூடியிருக்கிறதா என்ற தகவல் இல்லாமல் போகலாம். பாதை தொடக்கத்தில் உள்ள பலகையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மீறினால் அபராதம் உண்டு.

மூடாத இடத்தில் இருக்கும்போதே ஒரு வல்லூறு தலைக்கு மேல் வட்டமிட்டு 'கெக் கெக் கெக்' என்று விடாமல் கத்தினால், பக்கத்தில் கூடு இருக்கிறது என்று பொருள். ஏறிய வரை போதும் என்று இறங்கி, மெத்தையை மடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். எந்தப் பாறை, எத்தனை மணி என்று நகரப் பூங்கா துறைக்குத் தெரியப்படுத்தினால், வரைபடத்தில் இல்லாத கூட்டை அவர்கள் தேடிப் பார்க்க உதவியாக இருக்கும்.