வானொலிப் பயிற்சி தமிழில் நிகழ்க!

‘ஆம் ரேடியோ’ எனப் பலரும் வழங்கும் ஆர்வலர் வானொலிக்கு நடுவணரசு தேர்வு வைத்தே உரிமம் அளிக்கின்றது. 12 அகவை நிரம்பிய சிறாரும் அதனை எழுதலாம். விளையாட்டன்று இது! 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேயரிலிருந்து செய்தி அனுப்பி உதவியவருள் பாரதி பிரசாத் என்னும் உரிமம் பெற்ற பெண்மணியும் ஒருவர்.

இத்தகு கலையை ஆங்கில வினாவிடைக் கட்டாக நெட்டுருச் செய்வித்தல் முறையோ? அவ்வாறு தேறியவனிடம், வான்கம்பியை எத்தனை மீட்டர் வெட்டுவாய் என்று கேளுங்கள், விழிப்பான். மின்னோட்டம், மின்தடை, அலைநீளம் என்பன நம் பள்ளிப் பாடநூற் சொற்களே. 7 மெகா எர்ட்சு அலைவெண்ணா? 300ஐ 7ஆல் வகுத்திடுக. அலைநீளம் ஏறத்தாழ 43 மீட்டர். அதிற் பாதி அரையலைக் கம்பி. நடைமுறையிற் சற்றுக் குறைத்து 20 மீட்டரளவில் வெட்டுவர். இவ்வளவே! (இதனைத் தமிழாசிரியனே விளக்கவியலும்போது பொறியாளர்க்கு என்ன தடை?)

தேர்வுத்தாள் எம்மொழியிலேனும் இருக்கட்டும். அதற்குரிய பிறமொழிச் சொற்களை இறுதி இரு கிழமையிற் கற்பிக்கலாம். முதல் வகுப்பைத் தமிழில் தொடங்குக. கம்பியை மாணவன் கையிற் கொடுத்துத் தொடங்குக.