பக்கத்து ஆசனம் காலியாக இருக்கட்டும்



சென்ற மாதம் வீட்டு மருந்து அலமாரியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் வீட்டுக்குள்ளிருந்து முற்றத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் முற்றத்தில் போட்டுக் கழற்றிப் பூட்டுகிற வாகனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அது ஆம்பிளைகளின் வேலை, நமக்கென்ன தெரியும்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு தாய் வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு குழந்தை தப்பிய கதை இது. அந்தத் தாய் என் ராத்தா. குழந்தை அவருடைய கடைசி மகள்.

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வாப்பா பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரில் இரும்புச் சாமான் வியாபாரமும் லொறித் தொழிலும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. உடைந்த லொறியின் அச்சு எது, உழவு இயந்திரத்தின் பல்சக்கரம் எது என்று சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டார்கள். கடைச் சாவி மட்டும் வாப்பாவோடு புத்தளம் வந்தது. மீண்டும் அந்தக் கதவைத் திறக்காமலே அவர் மௌத்தானார்.

2009இல் யுத்தம் முடிந்த பின்பு ராத்தாவின் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. கூரையில்லாத வீடு, பற்றை வளர்ந்த முற்றம். ராத்தாவின் மூத்த மகன் புத்தளத்தில் பிறந்தவன். அங்கே ஒரு கராஜில் ஒட்டு வேலை பழகியவன். ஊருக்கு வந்த அவன், மூத்தாப்பாவின் கடை இருந்த இடத்தில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினான். ராத்தாவின் மனம் குளிர்ந்துபோனது. "வாப்பாவின் கை திரும்பி வந்திருக்கு" என்று என்னிடம் தொலைபேசியில் சொல்லி அழுதார். பிள்ளையின் வேலையை அவர் ஏன் தடுக்கவில்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அவன் செய்யத் தொடங்கியது ஒரு ஸ்போர்ட்ஸ் கார்!

இங்கிலாந்தில் காரின் பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சின்னக் கார் அவற்றில் பெயர்பெற்றது. முழுக் காராக வாங்கினால் கட்ட வேண்டிய வரி, பாகங்களாக வாங்கினால் அந்நாளில் இல்லை. அதனால் இளைஞர்கள் பாகங்களாக வாங்கிப் பூட்டினார்கள். அந்தக் காரின் படத்தை எங்கோ பார்த்துவிட்டான் எங்கள் மருமகன். பெட்டியில் வரும் பாகங்களுக்குப் பணம் எங்கே இருக்கிறது? சதுர இரும்புக் குழாயை வெட்டி ஒட்டிச் சட்டம் செய்தான். மோதி நொறுங்கிக் கிடந்த ஒரு மாருதிக் காரின் எஞ்சினை வாங்கி, முன்னால் இருந்ததைப் பின்னால் வைத்தான். தகரத்தில் உடல், இரண்டே ஆசனம். பதினான்கு மாதம் இரவும் பகலும் அதே வேலை. வர்ணம் பூசி முடிந்தபோது தெருவே வந்து பார்த்தது.

முதல் ஓட்டத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் நாள் குறித்தான். ஏழு வயதுத் தங்கை பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "காக்கா என்னைத்தான் முதல்ல கூட்டிப் போறதாச் சொன்னவர்" என்று அடம். ராத்தாவுக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாசலுக்கு வந்து, "தங்கச்சிய இறக்கு மகன். முதல்ல நீ தனியப் போயிட்டு வா. பிறகு ஏத்தலாம்" என்றார். பிள்ளை அழுதது. மகனுக்கும் முகம் சுருங்கியது. ராத்தா விடவில்லை.

பொம்மைவெளிப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த மணல் ஒழுங்கையில் கார் போனது. முந்நூறு மீற்றர்கூடப் போயிருக்காது. ஒழுங்கை திரும்பும் இடத்தில் அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான், வேகம் குறையவில்லை. பிறேக்கை மிதித்தான், பெடல் தரைவரை போனது. ஸ்டியரிங்கைத் திருப்பினான், முன் சக்கரங்கள் மணலில் வழுக்கிக்கொண்டு நேராகவே போயின. 1990 முதல் கூரையில்லாமல் நிற்கும் ஒரு வீட்டின் சுண்ணாம்புக்கல் மதிலில் காரின் இடது பக்கம் மோதியது. அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் ஐந்து தையல். அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான்.

இடது ஆசனம் இருந்த இடத்தில் மதிலின் கல் இருந்தது. ராத்தா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாராம்.

எங்கே பிழைத்தது?

மறுநாள் பக்கத்துத் தெருவில் கராஜ் வைத்திருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவர் வந்து காரைக் கவிழ்த்துப் பார்த்தார். 1990களின் முதற் பாதியில், பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் வராத காலத்தில், பழைய மொறிஸ், ஒஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையைக் கக்கிக்கொண்டு அந்தக் கார்கள் ஓடின, நோயாளிகளைச் சுமந்தன. அந்தப் பெரியவர் மருமகனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, ஓட வைக்கிறது பெரிய வேலை இல்லை. நாங்கள் மண்ணெண்ணெயிலையே ஓட வைச்சனாங்கள். நிப்பாட்டுறதுதான் வேலை."

அவர் கண்ட பிழைகள் மூன்று.

முதலாவது, பிறேக் குழாயில் காற்று. காரின் பிறேக் ஒயிலால் வேலை செய்கிறது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிறைத்து வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. காற்றை நிறைத்து அழுத்தினால் அமுங்கும். பிறேக் குழாயில் ஒயிலோடு காற்றும் இருந்தால், கால் அழுத்தும் பலமெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். புதிதாகக் குழாய் வைத்தவன் காற்றை முழுவதுமாக வெளியே எடுக்கவில்லை. "ஜாக்கில் தூக்கி வைத்து மிதித்தபோது நின்றதே" என்றான். அந்தரத்தில் சுழலும் சக்கரம் தையல் மெஷின் சக்கரத்தைப் போல, சிறிது அழுத்தினாலே நின்றுவிடும். பல நூறு கிலோ பாரத்தோடு தரையில் உருளும் சக்கரம் அப்படி நிற்குமா?

இரண்டாவது, அக்ஸிலேட்டர் கேபிள். எஞ்சின் பின்னால் போனதால் கேபிளை நீட்டிக் கூர்மையாக வளைத்திருந்தான். வளைவில் கம்பி இறுகிவிட்டது.

மூன்றாவது, பாரம் முழுவதும் பின்னால். சைக்கிளின் பின் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டினால் முன் சக்கரம் இலேசாகித் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் இருக்கலாம் என்றார் பெரியவர். கேட்கச் சின்ன வேகம். ஆனால் ஒரு வினாடிக்கு 10 மீற்றர் அது. அந்த வேகத்தில் மதிலில் மோதுவது ஏறத்தாழ 5 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி வீட்டின் கூரையிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். 72 கிலோமீற்றர் வேகம் என்றால் தென்னை மரத்து உச்சியிலிருந்து விழுவதுபோல!

இரண்டு பெண்கள்

இப்படி நடப்பது எங்கள் ஒழுங்கையில் மட்டுமல்ல. மோட்டார் வாகனத்தின் வரலாறே வீட்டுப் பட்டறையில்தான் தொடங்குகிறது. அதில் இரண்டு பெண்களை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அயர்லாந்தில் மேரி வார்ட் என்றொரு பெண்மணி இருந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலத்தில் வீட்டிலிருந்தே நுண்ணோக்கியால் ஆராய்ச்சி செய்து, படங்களோடு நூல் எழுதியவர். பல பிள்ளைகளுக்குத் தாய். அவருடைய உறவுக்காரப் பிள்ளைகள் நீராவியால் ஓடும் வண்டியொன்றை வீட்டிலேயே செய்திருந்தார்கள். 1869 ஆகஸ்ட் 31ஆம் திகதி பேர் என்ற ஊரில் அந்த வண்டியில் அவரும் கணவரும் ஏறினார்கள். தெரு வளைவில் வண்டி குலுங்க, மேரி தூக்கியெறியப்பட்டுச் சக்கரத்தின் கீழ் விழுந்தார். உடனேயே உயிர் பிரிந்தது. வயது 42. வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 4 மைல், நாம் விரைந்து நடக்கிற வேகம்தான்! மோட்டார் வாகனத்தால் இறந்ததாக அறியப்பட்டவர்களில் முதலாமவர் அவர் என்று வரலாறு பதிந்திருக்கிறது. அவர் வண்டியைச் செய்தவரல்ல, ஓட்டியவருமல்ல. கூட ஏறியவர்.

மற்றவர் ஜெர்மனியின் பெர்த்தா பென்ஸ். கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி. திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கிப் போட்டு, அவருடைய பட்டறையைக் காப்பாற்றியவர். கார்ல் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியும் 1885இல் ஆட்களுக்கு முன்னால் ஓட்டிக் காட்டியபோது மதிலில்தான் மோதியது! அவர் சோர்ந்துவிடாமல் திருத்தினார். 1886இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா கணவருக்குச் சொல்லாமல், இரண்டு ஆண் பிள்ளைகளோடு அந்த வண்டியை எடுத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள தாய் வீட்டுக்குப் போனார். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கத்தில் பிறேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் போய் அதன்மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் பிறேக் லைனிங் அப்படித்தான் தொடங்கியது என்பார்கள். வண்டி நிற்க வேண்டும் என்ற கவலை அந்தத் தாய்க்கு இருந்தது.

தடுக்கவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம்

விபத்துக்குப் பின் ராத்தா, "இனி இரும்பைத் தொடவே விடமாட்டேன்" என்று நின்றார். நான் சொன்னேன்: "ராத்தா, கையைக் கட்டிப் போட்டால் ஒளித்துச் செய்வான். நிபந்தனை போடுங்கள்." அந்தப் பெரியவரையும் வைத்துக்கொண்டு நாங்கள் எழுதிய நிபந்தனைகள் இவை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டும் பிள்ளை உள்ள வீட்டுக்கும் இவற்றில் பல பொருந்தும்.

1. எஞ்சினுக்கு முன் பிறேக். பெடலை மிதித்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. முதல் மிதியில் தாழ்ந்து, அடுத்த மிதியில் உயர்ந்தால் பெரும்பாலும் காற்று. இதை நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம்.

2. அக்ஸிலேட்டரை அழுத்திவிட்டு விட்டால் எஞ்சினின் சத்தம் உடனே அடங்க வேண்டும். ஓடும்போது இறுகினால் கிளட்ச்சை மிதிக்க வேண்டும், சக்கரத்துக்குப் போகும் பலம் அறுந்துவிடும். பிறகு சாவியை ஒரு படி மட்டும் திருப்பி எஞ்சினை அணைக்க வேண்டும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக் கூடும்.

3. செய்தவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. சக்கர நட்டுகளையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் அனுபவமுள்ள இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்க வேண்டும்.

4. முதல் நாள் நடக்கிற வேகம்தான். பத்துத் தடவை போய்ப் பத்துத் தடவையும் நிற்க வேண்டும். சொந்தக்காரரின் அனுமதியோடு வேலியடைத்த வெறும் வளவில் மட்டும். பதிவில்லாத, காப்புறுதியில்லாத வாகனம் பொதுத் தெருவில் இறங்கக் கூடாது. இங்கிலாந்திலும் இன்று வீட்டில் பூட்டிய கார் அரசாங்கப் பரிசோதனையில் தேறிய பிறகே தெருவுக்கு வருகிறது. சாரதி அனுமதிப்பத்திரமும் அவசியம்.

5. தலைக்கவசம், ஆசனப் பட்டி இரண்டும் வேண்டும். பக்கத்தில் யாரும் ஏறக் கூடாது. தம்பி, தங்கை, கூட்டாளி எவருமே வேண்டாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பயண துஆவை ஓதி அனுப்பும் உம்மா, "பிறேக் பார்த்தாயா மகன்?" என்று ஒரு வார்த்தை கேட்பதும் அதில் சேர்ந்ததே. ராத்தா அன்று மூடநம்பிக்கையிலோ பயத்திலோ பேசவில்லை. புதிதாக ஆக்கிய கறியை விருந்தாளிக்கு வைக்குமுன் நாம் ருசி பார்ப்பதில்லையா? அந்த வழக்கத்தில்தான் சொன்னார்.

மருமகனின் கை குணமாகிவிட்டது. இப்போது பின்னேரங்களில் அந்தப் பெரியவரின் கராஜில் பிறேக் வேலை பழகுகிறான். காரை நிமிர்த்திவிட்டான். குழாய்களையெல்லாம் மாற்றி, முன்பக்கத்தின் பாரத்தையும் சரிசெய்து வருகிறான். வேலை முடிந்ததா என்று தங்கை ஒவ்வொரு நாளும் கேட்கிறாளாம். இடது ஆசனத்தை மட்டும் அவன் இன்னும் பூட்டவில்லை. பெரியவர் சரி சொல்ல வேண்டும், பிறகு உம்மா சரி சொல்ல வேண்டும் என்கிறான்.

உங்கள் வீட்டு முற்றத்தில் என்ன ஓடுகிறது? எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.