இடம்மாறிய மாட்டுக்கும் மண் புதிது

திகனவில் வாழும் பலருக்கு இடப்பெயர்வு என்பது கேள்விப்பட்ட கதையல்ல. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டுக்காகத் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் பழைய தெல்தெனிய நகரும் நீரில் மூழ்கின. சிலர் திகனவில் குடியேறினர். வேறு பலர் மகாவலியின் சி வலயத்துக்குச் சென்றனர். பின்னர் யுத்தத்தாலும் மண்சரிவாலும் இந்நாட்டில் எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் இடம்மாறின.

காணி, வீடு, நட்டஈடு பற்றிப் பேசியவர்கள் உண்டு. கூடவே வந்த மாட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. புல் பச்சையாக இருக்கிறது; ஆனால் மாடு மெலிகிறது. நாகு பருவத்துக்கு வருவதில்லை. கன்று ஈன்றால் நஞ்சுக்கொடி விழுவதில்லை. ஓர் ஈற்று தவறினால் அந்த வருடத்துப் பால் வருமானம் போயிற்று. "வளர்க்கத் தெரியவில்லை" என்ற பழியோ உரியவர் தலையில் விழுகிறது. இந்தப் பழி எப்போதும் நியாயமானதல்ல என்பதே எமது கருத்து.

மேற்கு அவுஸ்திரேலியாவில் டென்மார்க் என்றொரு ஊர் உண்டு. 1920களில் அங்கு குடியேற்றப்பட்ட விவசாயிகளின் மாடுகள் நல்ல மேய்ச்சல் நிலத்திலேயே மெலிந்து செத்தன. இரும்புத் தாதுக் கல்லைத் தூளாக்கிக் கொடுத்தபோது சில தேறின. எனவே இரும்புக் குறைவே காரணம் எனப் பலரும் நம்பினர். 1935இல் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரு ஆய்வாளர்கள் உண்மையைக் கண்டனர். குணமாக்கியது இரும்பல்ல, அக்கல்லில் கலந்திருந்த மிகச் சிறிதளவு கோபாற்று. குறை குடியேறியவரிடத்தில் இல்லை, மண்ணில் இருந்தது.

இவற்றையே சுவட்டு மூலகங்கள் என்கிறோம். செப்பு, நாகம், கோபாற்று, அயடீன், செலீனியம், மங்கனீசு ஆகியன இவற்றுட் சில. நாளொன்றுக்குப் பத்துக் கிலோ உலர் தீவனம் உண்ணும் பசுவுக்குச் செப்பு சுமார் 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமின் பத்திலொரு பங்கு, தேவை. கோபாற்று ஏறக்குறைய 1 மில்லிகிராம் போதும். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கோபாற்றைக் கொண்டே விற்றமின் பி12ஐ உண்டாக்குகின்றன. அது இல்லாவிடில் தின்ற புல் முழுமையாகச் சக்தியாக மாறாது, பசியும் குன்றும்.

விளையாட்டு இத்துடன் முடிவதில்லை. மொலித்தனமும் கந்தகமும் மிகுந்தால், தீவனத்தில் உள்ள செப்பும் உடலில் சேராது. திகனவில் வெட்டியெடுக்கப்படும் டொலமைட்டை நாம் நிலத்துக்கு இடுகிறோம். அது கல்சியமும் மக்னீசியமும் தரும். சுவட்டு மூலகங்களுக்கு ஈடாகாது. அளவுமீறி இட்டால் மண்ணின் புளிப்பு குறைந்து, புல் நாகத்தையும் கோபாற்றையும் குறைவாகவும் மொலித்தனத்தைக் கூடுதலாகவும் உறிஞ்சும்.

அப்படியானால் கடையில் கனியுப்புக் கலவைப் பொதி வாங்கிக் கொட்டினால் சரியா? இல்லை. பசியாலும் குடற்புழுவாலும் மெலிந்த மாட்டைக் கனியுப்பு தேற்றாது. முதலில் போதிய புல்லும் நீரும் வேண்டும். வைக்கோலோடு கிளிரிசீடியாத் தழையும் வேண்டும். செலீனியம் சற்று மிகுந்தாலும் நஞ்சு. மாட்டுக்கான கலவையிலுள்ள செப்பு செம்மறியாட்டைக் கொன்றுவிடும்.

எனவே அளவு தெரிய வேண்டும். அதற்கு இடம் தெரிய வேண்டும். இந்தியாவில் பெங்களூரிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் மண்ணையும் தீவனத்தையும் மாட்டின் இரத்தத்தையும் பரிசோதித்து, அந்தந்தப் பகுதிக்கேற்ற கலவைகளை வகுத்துள்ளது. எமக்கும் அறிவாளிகள் இல்லாமலில்லை. பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. இரண்டும் திகனவிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் அறியப்பட்டது மாட்டுத் தொழுவம் வரை, அதுவும் தமிழிலும் சிங்களத்திலும், வந்து சேர வேண்டும். மக்களைக் குடியேற்றும் இடத்தில் குடிநீரைப் பரிசோதிப்பது போலப் புல்லையும் பரிசோதிப்பது அரசின் கடமை.

எமது பங்கும் உண்டு. எந்த மாதம் பருவத்துக்கு வந்தது, எப்போது சினைப்படுத்தியது, நஞ்சுக்கொடி விழுந்ததா, கண்ணைச் சுற்றிய மயிர் வெளிறியதா, குட்டியின் கழுத்து வீங்கியிருந்ததா என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒருவர் சொன்னால் அது முறைப்பாடு. ஐந்து குடும்பங்கள் ஐந்து கொப்பிகளோடு கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குச் சென்றால் அது சான்று. சான்றைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல.

ஊரை இழந்து வந்தவர்கள் நாம். மாட்டையும் இழக்க வேண்டியதில்லை.