குளிரின் மேல் பழிபோடாதீர்கள்

"காலைக் குளிருக்கு எஞ்சின் எடுபடுகுதில்லை" என்ற வாக்கியத்தைச் சாம்பல்தீவில் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சினம் வருகிறது. எந்தக் குளிர்? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஜனவரி மாதத்து விடியற்பொழுதிலும் திருகோணமலையின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 24 பாகை செல்சியசுக்கு அருகிலேயே நிற்கிறது. ஐரோப்பியப் பனிக்காலத்தில் டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டி அடைபடும். நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படியும். இங்கே அப்படி எதுவும் நிகழ்வதில்லை. 24 பாகையில் இயங்க மறுக்கும் டீசல் எஞ்சின் வேறேதோ ஒரு நோயைச் சொல்கிறது. அதைக் கேட்டறியாமல் வானிலையின் மேல் பழிபோட்டு, பின்னர் உரிமையாளரின் மடியில் கைவைக்கும் வழக்கத்தைப் பற்றியதே இப்பத்தி.

இது சிறிய விடயமன்று. 2020 மார்ச்சில் இலங்கையின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. திறந்த கதவின் வாசலில் வரி நின்றது. எனவே 1980களிலும் 90களிலும் யப்பானில் செய்யப்பட்ட டவுன் ஏஸ், லைட் ஏஸ், டெலிகா வான்களும் டீசல் கொரோலாக்களும் இன்னமும் எம்மவரைச் சுமக்கின்றன. விடியுமுன் மீன் ஏற்றுவதும், நள்ளிரவில் நோயாளியைத் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் இவைதான். அதிகாலையில் வான் அசையாவிட்டால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போயிற்று. சில வேளை அதனிலும் பெரியது போய்விடும்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கிச் சூடாக்கி, அச்சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பது ருடோல்ப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. நான் சொன்ன பழைய வாகனங்களில் பெரும்பாலானவற்றில் டீசல் முதலில் ஒரு சிறிய முன்னறையில் தெளிக்கப்படுகிறது. இரவெல்லாம் ஆறிக்கிடந்த அவ்வறையின் இரும்புச் சுவர்கள் அமுக்கிய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அந்த இழப்பை ஈடுசெய்யவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்தார்கள். ஆகவே எஞ்சின் எடுபட வேண்டுமானால் நான்கு வேண்டும்: வேகமான சுழற்சி, சூடு, காற்றுக் கலவாத டீசல், போதிய அமுக்கம். எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் தொழில்.

நடப்பது என்ன? முதல் நாள் பற்றரியை மாற்று என்பார்கள். அடுத்த வாரம் காற்றுக் குழாய்க்குள் ஈதர் ஸ்பிரேயை அடிப்பார்கள். அதற்கடுத்த வாரம், "ஐயா, பம்பை இறக்கத்தான் வேணும்" என்ற தீர்ப்பு வரும். என் உறவினர் ஒருவரின் வானுக்கு நகரத்துக் கராஜ் ஒன்று இத்தீர்ப்பையே வழங்கியது. பம்பைக் கழற்ற விடுமுன் அவர் இன்னொரு முதிய மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் ஒரு சிறு விளக்கையும் இரண்டு முழ வயரையும் எடுத்தார். நான்கு ஹீட்டர் பிளக்குகளில் மூன்று செத்திருந்தன. பம்பில் எந்தக் குற்றமும் இல்லை.

அந்த முதியவர் செய்தது மந்திரமன்று, ஒழுங்கு. அவ்வொழுங்கை எவரும் கற்கலாம். முதலில் புகையைப் பாருங்கள். எஞ்சினைச் சுழற்றும்போது பின்குழாயில் வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை. பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து மின்சாரம். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது அது 9.6க்குக் கீழே விழலாகாது. பற்றரி நன்றாயிருந்தும் சுழற்சி மந்தமென்றால், எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான ஏர்த் வயரைப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது அதன் முனைகளைத்தான். கடலோரத்தில் மாற்றப்படும் பற்றரிகளுள் எத்தனைக்கு ஓர் உப்புத்தாள் தேய்ப்பே மருந்தாக இருந்திருக்கும்!

பிறகு ஹீட்டர் பிளக். மீற்றர் பலகையில் சுருள் விளக்கு எரிந்து அணைந்தால் பிளக்குகள் வேலை செய்கின்றன என்று நம்புகிறவர் பலர். பல பழைய வாகனங்களில் அவ்விளக்கு நேரத்தை மட்டுமே காட்டும். பிளக்கின் உயிரைக் காட்டாது. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரியாவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. எல்லாம் எரிந்தால், சாவியைத் திருப்பும்போது அத்தகட்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் றிலேயிலோ பியூசிலோ குற்றம்.

புகையே வராத வாகனத்தில், டீசல் வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அமுக்குங்கள். அமுக்கியபின் எஞ்சின் உடனே எடுபட்டால், இரவில் எங்கோ காற்றுப் புகுந்து டீசல் தாங்கிக்குத் திரும்பியிருக்கிறது. வெடித்த இறப்பர்க் குழாய் ஒன்றே பெரும்பாலும் காரணம். சாவியைப் போடும்போது பம்பிலுள்ள சொலனொயிட் 'டிக்' என்று ஒலிக்கிறதா என்பதையும் கேளுங்கள். இவை யாவும் சரியானால்தான் அமுக்கத்தை அளக்க வேண்டும். பம்பு கடைசிச் சந்தேகநபர்.

ஈதர் ஸ்பிரே பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். ஈதர் 180 பாகைக்கும் கீழேயே தானாகப் பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பிளக் பழுக்கச் சிவந்திருக்கும் அறைக்குள் அதை அனுப்புவது எஞ்சினுக்குள் வெடி வைப்பதாகும். பிஸ்டனும் வளையங்களும் உடையக்கூடும். நூறு ரூபாய் வயரில் இருந்த நோய் எஞ்சினின் மரணமாக முடியும்.

மெக்கானிக்குகளை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகள் வடக்கில் இருந்தார்கள். எஞ்சின் ஏன் ஓடுகிறது என்று அறிந்தவர்களுக்கே அது கைகூடும். அந்த அறிவு எங்கே போயிற்று? நாம்தான் அதற்குக் கூலி கொடுக்க மறுத்தோம். ஒரு மணித்தியாலம் சோதித்து, "ஒரு வயர்தான் பிழை" என்று சொல்லும் மெக்கானிக்கிடம், "வயருக்கா இவ்வளவு காசு?" என்று பேரம் பேசுகிறோம். புதுப் பொருளைப் பெட்டியோடு காட்டுகிறவனுக்கு வாய் திறவாமல் எண்ணிக் கொடுக்கிறோம். கண்டறிதலுக்கு விலையில்லாத சந்தையில் பொருள்தான் விற்கப்படும்.

பத்திரிகைத் தொழிலில் முதல் நாளே எமக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: உறுதிப்படுத்தாததை அச்சேற்றாதே. கராஜுக்கும் அதே விதி பொருந்தும். சோதிக்காததைக் கழற்றாதே. ஆகவே வாகன உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள் இது. எந்தப் பொருளையும் மாற்றச் சம்மதிக்குமுன், "எதைச் சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது?" என்று கேளுங்கள். அளவைச் சொல்ல முடியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அளவைச் சொல்கிறவருக்கு, ஒரு பொருளும் மாற்றாவிட்டாலும், முழுக்கூலியைக் கொடுங்கள்.