நெற்றிக்குள் வைத்த தகட்டுக்குப் பெயர் கிடையாதா?



கோவில்பட்டி கடலைமிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, தேதி, பேட்ச் நம்பர் எல்லாம் இருக்கும். தின்றால் தீர்ந்துபோகும் பண்டத்துக்கு இத்தனை விவரம். ஆயுசு முழுக்க நெற்றி எலும்பில் இருக்கப்போகும் பொருளுக்கு ஒன்றும் கிடையாது. இது என்ன நியாயம்?

சைனஸ் ஆபரேஷன் என்றாலே செயற்கைப் பொருள் வைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தேவைப்படாது. விபத்தில் நெற்றிச் சைனஸின் சுவர் நொறுங்கினாலோ, 2021-இல் கொரோனாவை ஒட்டி வந்த கருப்புப் பூஞ்சை போல எலும்பையே எடுக்க நேர்ந்தாலோதான் டைட்டானியம் வலை, பாலிஎத்திலீன் போன்றவை வேண்டியிருக்கும். பலருக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்தவை அவை. என் சண்டை பொருளோடு அல்ல. விவரத்தைச் சொல்லாமல் விடுவதோடுதான்.

சைனஸ் மூக்கோடு சேர்ந்த அறை. கிருமி போய்வரும் இடம். பல வருஷம் கழித்தும் அங்கே சீழ் பிடிக்கலாம். அப்போது பார்க்கும் டாக்டர் வேறு ஒருவராக இருப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டாமா? நாலுவழிச்சாலையில் அடிபட்ட என் பழைய மாணவர் ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "இம்ப்ளாண்ட் வைக்கப்பட்டது" என்று ஒரே வரி. எந்தப் பொருள், எந்தக் கம்பெனி என்பது இல்லை. பில்லில் விலை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது" என்பார்கள். எங்களுக்குப் புரியாவிட்டால் போகிறது, எழுதிக் கொடுங்கள். அடுத்த டாக்டருக்குப் புரியும்.

விவரம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு 2010-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அதை வைத்திருந்தார்கள். மத்திய அரசின் குழு விசாரித்தபோது 3,600 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. முகத்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டெஃப்லான் பூசிய தாடை மூட்டுகள் துகள் துகளாகி எலும்பை அரித்தன. 1990-களின் தொடக்கத்தில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள்.

2018-இல் நடைமுறைக்கு வந்த நம் மருத்துவக் கருவி விதிகள், லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் நம்பரும் கட்டாயம் என்கின்றன. அந்த ஸ்டிக்கர் ஆஸ்பத்திரி ஃபைலோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பாவில் இம்ப்ளாண்ட் அட்டையை நோயாளி கையில் கொடுக்கச் சட்டமே இருக்கிறது. இங்கே இன்னொரு ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்ட என்ன செலவாகும்?

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆபரேஷன் நடந்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்றே கேள்வி: என்ன பொருள்? யார் தயாரிப்பு? பேட்ச் நம்பர் என்ன? எழுத்தில் வாங்குங்கள். ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.