எங்கள் பிள்ளைகளைத் திருத்துவதாகச் சொல்லும் இல்லங்கள் குறித்து ஒரு பிரகடனம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பெற்றோர், இல்லங்களில் இருந்து வளர்ந்து வெளியே வந்தவர்கள், சில ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் சேர்ந்து இதை வெளியிடுகிறோம். அமைப்புக்குப் பெயர் வைக்கும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பெயர்ப்பலகையும் தலைவர், செயலாளர், பொருளாளரும் உள்ள சங்கங்களுக்குக் கொழும்பில் பஞ்சமில்லை.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தாயோடோ தகப்பனோடோ தனியாகப் பேச முடியாத இடத்தில், முன்னறிவித்தல் இல்லாமல் யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாத இடத்தில், 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையையும் வைக்கக் கூடாது. அந்த இடம் அரசாங்கத்தினுடையதாக இருக்கலாம், கோயிலினுடையதாக, சபையினுடையதாக, தனியாருடையதாக இருக்கலாம். மாதக் கட்டணம் வாங்கலாம், தருமத்துக்கு நடத்தலாம். எதுவானாலும் இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுப்பு இல்லை.

பெற்றோரைக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. டியூஷனுக்கென்று வாங்கிய காசோடு ரயில் பாதையோரம் நிற்கும் மகன், வீட்டு நகையை அடகு வைத்து ‘ஐஸ்’ போதைப்பொருள் வாங்கியவன், இரவு பதினொரு மணிக்குப் போனை வாங்கினால் கதவை உடைக்கும் மகள்: இவர்களோடு இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். தகப்பன் கட்டாரில் அல்லது கனடாவில். தாய் தனியே. சொந்தக்காரரிடம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும். அந்த நேரத்தில் யாரோ ஒருவர், “ஒரு நல்ல இடம் இருக்குது அக்கா, ஆறு மாசம் விடுங்கோ, ஆளை மாத்தித் தருவினம்” என்று ஒரு போன் இலக்கம் தருவார். தாய் அந்த இலக்கத்தை அழுத்தாமல் வேறு என்ன செய்வாள்?

ஆனால் அங்கே கையெழுத்துக் கேட்கும் தாளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எங்களில் ஒருவர் வைத்திருந்ததைக் கூட்டத்தில் கை மாற்றிப் பார்த்தோம். ஒரே பக்கம். பிள்ளையின் பெயர், வயது, மதம், கட்டணம். கீழே, எந்த அசம்பாவிதத்துக்கும் நிருவாகம் பொறுப்பல்ல என்று ஒரு வரி. பிள்ளைக்கு என்ன வருத்தம், யார் வைத்தியர், என்ன சிகிச்சை, எத்தனை மாதத்தில் வெளியே விடுவார்கள் என்று எழுத அதில் இடமே இல்லை. முதல் மாதம் பிள்ளையோடு பேசக் கூடாது என்றும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு வந்த அழைப்பு ஸ்பீக்கரில், வார்டன் பக்கத்தில். “நல்லா இருக்கிறன் அம்மா. சாப்பிட்டன்.” அவ்வளவுதான். வீட்டில் ஒரு நிமிடம் வாயை மூடாத பையன்.

சேர்க்கும்போதே தாயிடம் இன்னொன்றும் சொல்லிவைத்தார்களாம். “வீட்டுக்கு வரோணும் எண்டு பொய் சொல்லுவான், அடிக்கிறாங்கள் எண்டு அழுவான், நம்பிடாதீங்கோ.” முறைப்பாடு வருவதற்கு முன்பே அதைப் பொய்யாக்கிவிடும் தந்திரம் இது. பிள்ளை உண்மையைச் சொன்னாலும் அது நோயின் அறிகுறி ஆகிவிடுகிறது. அடியைவிட இதைத்தான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். அடிக்குத் தழும்பாவது இருக்கும்.

இந்தத் தந்திரம் இலங்கையில் பிறந்ததுமல்ல. 1958 இல் கலிபோர்னியாவில் சினனான் என்ற போதை மறுவாழ்வுக் குழு தொடங்கியது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவரைக் கத்தியே உடைப்பது அதன் வழி. அதைப் பார்த்தும் அதைத் தழுவியும் முளைத்த நிலையங்கள், “கட்டுக்கடங்காத” இளைஞரைத் திருத்துவதாகச் சொல்லி அரை நூற்றாண்டு காசு பார்த்தன. கடிதங்களை வாசித்துக் கிழிப்பது, தனியறை, பேச்சுத் தடை, ‘படிநிலை’ ஏறினால்தான் வீட்டுக்குப் போன் என்பதெல்லாம் அங்கே நடந்தன. அமெரிக்கச் சட்டம் எட்டாத இடம் தேடி யமேக்காவில்கூட ஒரு நிலையம் நடத்தினார்கள். இந்த நிலையங்களில் இருந்து வளர்ந்தவர்கள் பல வருடம் கத்தியபின், 2024 டிசெம்பரில்தான் இத்தகைய நிலையங்களில் நடக்கும் துன்புறுத்தல் பற்றி ஒரு கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தானது. பணமும் பத்திரிகையும் வழக்கறிஞரும் உள்ள நாட்டிலேயே இவ்வளவு காலம் எடுத்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2022 டிசெம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு இறந்தான். ஒரு சிறு திருட்டு வழக்கில் பிடிபட்டவன். இல்லத்து ஊழியர் ஆறு பேர் கைதானார்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டு அரசு அத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2023 நவம்பர் இறுதியில் கல்முனையில் ஒரு சிறுவர் நன்னடத்தை இல்லத்தில் 15 வயதுச் சிறுவன் இறந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, திருட்டுக் குற்றச்சாட்டில் அங்கே அனுப்பப்பட்டவன். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். ஒரு வருடத்துக்குள், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தமிழ்ப் பிள்ளைகள் இருவர். இருவரும் அரசின் பொறுப்பில் இருந்தவர்கள். அரசின் பொறுப்பே இப்படியென்றால், யாருடைய பொறுப்பிலும் இல்லாத வாடகை வீட்டு ‘மறுவாழ்வு நிலைய’த்தில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது?

பெரியவர்களுக்கும் இதே கதைதான். 2022 ஜூனில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்து ஓடினார்கள். அந்த மரணம் தொடர்பாகக் கைதானவர்கள் படையினர். அதே வருடம் கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் முழுவதுமே, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 12(1) உறுப்புரைக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. திருத்தி, 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். கட்டாயப்படுத்தி அடைத்துவைக்கும் போதைச் சிகிச்சை நிலையங்களை மூடுங்கள் என்று ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012 மார்ச்சிலேயே கூட்டாகக் கேட்டிருந்தன. நாங்கள் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை.

சட்டம் இல்லையென்றும் சொல்ல முடியாது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையை அடக்க முடியவில்லை என்று பெற்றோரே நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல அது வழி வைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டம், பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையைத் தண்டிக்கும் உரிமையைத் தொடாமல் விட்டது. அந்தச் சிறு ஓட்டைக்குள்ளால்தான் எல்லா வார்டன்களும் பிரம்போடு நுழைகிறார்கள். 1995 இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவோ, தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்டவரைத் துன்புறுத்துவோருக்கு 2 முதல் 10 வருடம் வரை சிறை என்கிறது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் கன்னத்தில் அறைந்து காது பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது. அதன்படி அடைத்துவைக்கும் இடங்களை முன்னறிவித்தல் இன்றிப் போய்ப் பார்க்கும் பொறுப்பு மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. அந்தப் பார்வை சிறைச்சாலையோடு நிற்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் தன் விருப்பப்படி கேற்றைத் திறந்து வெளியே வர முடியாதென்றால் அது அடைத்துவைக்கும் இடம்தான், வாசலில் சாமி படம் மாட்டியிருந்தாலும்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. 18 வயதுக்குட்பட்டவர்களைத் தங்கவைக்கும் ஒவ்வொரு நிலையத்தின் பதிவும், கடைசியாக யார் எப்போது பார்வையிட்டார்கள் என்பதும் பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். பதிவில்லாத இடத்தை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் மூட வேண்டும். மூடும்போது பிள்ளைகளை இன்னோர் இல்லத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் ஒரு சிகிச்சைத் திட்டம் வேண்டும், அதில் வெளியேறும் திகதி இருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை யாரும் பக்கத்தில் நிற்காமல் அழைக்கும் வசதி உள்ளே இருக்க வேண்டும். அந்த அழைப்பைத் தமிழில் எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும். இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் வளர்ந்த பிள்ளைக்குச் சந்தையில் பேசச் சிங்களம் தெரியும். தனக்கு இரவில் என்ன நடந்தது என்று சொல்ல அந்தச் சிங்களம் போதாது. நன்னடத்தை உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அறிக்கையில் ‘பிரச்சினை எதுவும் இல்லை’ என்றுதான் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டே போகக்கூடிய ஓர் இடம் வேண்டும். வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று, தமிழில் பேசும் உளவளத் துணையாளரோடு, பின்னேரம் ஏழு மணி வரை திறந்திருக்கும் ஒரு கிளினிக். டியூஷன் கொட்டில்களுக்கு இடம் கிடைக்கும் ஊரில் இதற்கு ஓர் அறை கிடைக்காதா? இது இல்லாதவரை தாய்மார் அந்தப் போன் இலக்கத்தைத்தான் அழுத்துவார்கள்.

2025 மே மாதம், உயிரிழந்த ஒரு மாணவிக்காகப் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற பலர் இன்று எங்களோடு இருக்கிறார்கள். ஒரு பிள்ளை இறந்தபின் மெழுகுதிரி ஏந்த எங்களுக்குத் தெரியும். உயிரோடு உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்காக எங்கே போய் நிற்பது என்பதை இப்போதுதான் பழகுகிறோம்.

நாங்கள் செய்வதாக ஒப்புக்கொள்வதும் உண்டு. எந்த இல்லத்தையும் கேள்விச் செவியில் குற்றம் சாட்டமாட்டோம். நன்றாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் இருவர் இதில் கையெழுத்தும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ முகநூலில் போடமாட்டோம், பரபரப்புக்காக எந்த யூடியூப்காரரையும் கேற்றுக்கு அழைத்துப் போகமாட்டோம். எங்களிடம் வரும் முறைப்பாட்டை இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்தில் அதிகாரசபைக்குக் கொடுத்து, பிரதியைப் பெற்றோரிடம் ஒப்படைப்போம். முறைப்பாடு பெற்றோருக்கு எதிரானதாக இருந்தால் பிரதி பிள்ளைக்கு. நிலையம் நடத்துபவர்களிடமிருந்தோ, அவர்களுக்கு ஆள்பிடித்துக் கொடுப்பவர்களிடமிருந்தோ ஒரு சதமும் வாங்கமாட்டோம். இல்லங்களில் இருந்து வந்தவர்கள் செயற்குழுவில் பாதிக்குக் குறையாமல் இருப்பார்கள். அவர்கள் சம்மதிக்காத எந்தத் தீர்மானமும் செல்லாது.