கடைசி நாள் சஸ்பென்ஷன்

போன மாதம் (2021 செப்டம்பர்) 7ஆம் தேதி சட்டமன்றத்தில் விதி 110இன் கீழ் முதலமைச்சர் அரசு ஊழியர்களுக்காக வெளியிட்ட அறிவிப்புகளில், எல்லோரும் பேசியது அகவிலைப்படியைப் பற்றித்தான். அடுத்த ஏப்ரலில் தருவதாக இருந்ததை ஜனவரியிலேயே தரப்போகிறார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு அறிவிப்பு. ஓய்வு பெறும் நாளில் ஊழியரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கும் நடைமுறை தவிர்க்கப்படும், அதற்கு உரிய விதிமுறைகள் ஏற்படுத்தப்படும் என்கிறது அது.

சர்வீஸில் இருக்கும் தம்பி ஒருவர் அன்று இரவே போன் செய்தார். "சார், கடைசி நாள் கூடாதுன்னுதானே சொல்றாங்க? அப்ப முந்தின நாள் பண்ணலாமா?" சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அரசு வேலையில் இல்லாதவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கி விடுகிறேன். அடிப்படை விதி 56(1)(சி) என்று ஒன்று உண்டு. ஒழுங்கீனக் குற்றச்சாட்டில் சஸ்பென்ஷனில் இருப்பவர், ஓய்வு பெறும் தேதி வந்தாலும் ஓய்வு பெற முடியாது. விசாரணை முடிந்து முடிவு ஆணை வரும்வரை அவரைப் பணியிலேயே இருத்தி வைக்க வேண்டும். பணியில் என்றால் நாற்காலி கிடையாது, பெயரளவில் பணி. மாதாமாதம் உயிர் பிழைக்க ஒரு தொகை வரும். பணிக்கொடை வராது, கம்யூட்டேஷன் கேட்க முடியாது. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைசி நாளில் ஆணையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு அது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு சீனியர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மாத்தின் கடைசி வேலை நாள். பொன்னாடை, மாலை, மிக்சர், லட்டு எல்லாம் தயார். அண்ணி பட்டுப்புடவையில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு மேலதிகாரி அறைக்கு அவரை மட்டும் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கவர். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "லட்டை எல்லாருக்கும் குடுத்திருங்கப்பா" என்றார். மாலை போடுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் போடவில்லை.

விஷயம் என்ன? ஒன்பது வருடத்துக்கு முந்தைய கொள்முதல் ஒன்றை, ஒப்பந்தப்புள்ளி கோராமல் இருக்கப் பிரித்துப் பிரித்து வாங்கியதாக ஒரு தணிக்கைத் தடை. கையெழுத்துப் போட்ட நாலு பேரில் இவர் ஒருவர். மற்ற மூன்று பேரில் இருவர் அதற்குள் நிம்மதியாக ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பு மூன்று வருடம் என் இருக்கையில்தான் கிடந்தது. இரண்டு நினைவூட்டு வந்தது, "விவரம் கோரப்பட்டுள்ளது" என்று பதில் எழுதினேன். அண்ணன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சோம்பல் பாதி, "இப்போ எதுக்கு அண்ணனைத் தொந்தரவு பண்ணணும்" என்ற நல்லெண்ணம் பாதி. அப்புறம் ஓய்வு நெருங்கியதும் வழக்கம்போல எல்லாப் பிரிவுக்கும் குறிப்பு வந்தது: இவர் மீது நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா? அப்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. இல்லை என்று எழுதிவிட்டு, நாளைக்கு யாராவது தோண்டினால் என் தலை உருளும். உண்டு என்று எழுதினேன். நான் எழுதியதைப் பார்த்து எனக்கு மேலே இருந்தவரும் பயந்தார், அவருக்கு மேலே இருந்தவரும் பயந்தார்.

கடைசி நாள் சஸ்பென்ஷனுக்குப் பழிவாங்கல்தான் காரணம் என்று சங்கக் கூட்டங்களில் பேசுவோம். சில இடங்களில் அது உண்மை. ஆனால் நான் பார்த்த அளவில் பெரும்பாலும் காரணம் இந்தப் பயம்தான். நடவடிக்கை எடுத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, விட்டவரைத்தான் கேட்பார்கள்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஓய்வூதிய விதிகள் 1978இல் விதி 9 இருக்கிறதே, ஓய்வுக்குப் பிறகும் நடவடிக்கை தொடரலாமே, எதற்கு சஸ்பென்ஷன் என்று நாம் கேட்கிறோம். சரியான கேள்வி. ஆனால் பணியில் இருக்கும்போதே நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும். ஓய்வுக்குப் பின் தொடங்க அரசின் அனுமதி வேண்டும், நான்கு வருடத்துக்கு முந்தைய சம்பவத்தைத் தொடவே முடியாது. ஓய்வு பெற்றவரை டிஸ்மிஸ் செய்யவும் முடியாது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் ஓய்வு நாளைக் காட்டித் தப்பிவிடக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். லஞ்ச வழக்கில் கைதானவருக்கும் ஒரு பழைய தணிக்கைத் தடைக்கும் ஒரே மருந்து கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விசாரணைக்காக வைக்கும் சஸ்பென்ஷன் தண்டனை இல்லை. ஆள் இருக்கையில் இருந்தால் ஆவணத்தைக் கலைப்பார், சாட்சியை மிரட்டுவார் என்பதற்காக விலக்கி வைப்பது. மாலை 5.45க்கு அவரே சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகப்போகிறார். நாலு மணிக்கு அவரை விலக்கி எதைக் காப்பாற்றுகிறோம்?

அதனால் வரப்போகும் விதிமுறையில் "கடைசி நாள் கூடாது" என்று மட்டும் இருந்தால் பயன் இல்லை. தம்பி கேட்டதுபோல முந்தின நாள் வரும், முந்தின மாதம் வரும். ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே ஒவ்வொருவர் மீதும் என்ன நிலுவை என்று பட்டியல் எடுக்க வேண்டும். 17(பி) குறிப்பாணை கொடுப்பதென்றால் அப்போதே கொடுத்து, ஓய்வுக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் ஓய்வில் போக விட்டு விதி 9இன்படி தொடரலாம். தாமதத்துக்கு யார் இருக்கை காரணம் என்பதும் கோப்பில் பதிவாக வேண்டும். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் கடைசியாகச் சொன்னது.

நீதிமன்றங்கள் சொல்லாததும் இல்லை. துறை விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்கப் பாருங்கள், தவிர்க்க முடியாவிட்டாலும் ஒரு வருடத்தைத் தாண்டாதீர்கள் என்று 2015 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கும் முன்பு 2005இல், நம் வீட்டு வசதி வாரியப் பொறியாளர் ஒருவருக்குப் பத்து வருடம் கழித்துக் கொடுத்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையைத் தாமதத்துக்காகவே ரத்து செய்தது. அந்தப் பொறியாளர் டெல்லி வரை போனார். எல்லோராலும் போக முடியுமா?

அண்ணன் போகவில்லை. பணிக்கொடையை நம்பி ஊரில் வீடு ஆரம்பித்திருந்தார். லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. ஆறு வருடம் கழித்து முடிவு ஆணை வந்தது: மாதம் 200 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு ஓய்வூதியக் குறைப்பு. மொத்தம் 2,400 ரூபாய். அதற்குள் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் விலை எங்கேயோ போயிருந்தது. கோப்பு என் இருக்கையில் கிடந்தது அவருக்குத் தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிட்டார். போனேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதைச் செய்ய இப்போது நேரமும் இருக்கிறது. ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 59 ஆனது, இந்த பிப்ரவரியில் 60 ஆகிவிட்டது. அடிப்படைப் பணியாளர்களை விட்டுவிட்டால் ஒன்றரை வருடமாக வயது முதிர்வில் யாரும் வெளியே போகவில்லை. அடுத்த வருடம் மே 31இல்தான் முதல் கூட்டம் கிளம்பும். விதிமுறை அதற்குள் வர வேண்டும். சங்கப் பொறுப்பாளர்கள் கோரிக்கை மனு கொடுக்கும்போது அகவிலைப்படி நிலுவையோடு இதையும் ஒரு பத்தி சேர்க்கலாம்.

போன் செய்த தம்பிக்கு 2022 ஜூன் 30 கடைசி நாள். அவர் பெயரிலும் பழைய தணிக்கைத் தடை ஒன்று எங்கோ ஒரு இருக்கையில் கிடக்கிறதாம். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அந்தக் கோப்பை முடிக்க எட்டு மாதம் தாராளம், யாராவது கையில் எடுத்தால்.